முடியும் முன் எழுந்து போகிறவர்

பாலக்காடு
18-11-2024

அன்புத் தங்கை பாத்துவுக்கு அண்ணன் அப்துல் ஷுக்கூர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? மச்சான் சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? வண்டன்மேட்டில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் உனக்குக் காது கேட்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் வண்டன்மேடு கடைவீதிக்கே கேட்கிறது. அண்ணன் தங்கச்சி பேசுவதை ஊர் எதற்குக் கேட்க வேண்டும்?

கடை இப்போது முழுக்க ஜுனைத் கையில். மகன் பொறுப்பாகத்தான் நடத்துகிறான். கயிறு, தார்ப்பாய், பாய் எல்லாம் எங்கே இருக்கிறதென்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்குப் போனால் மருமகள் ஃபஸீலா டீ தருவாள், டிவி ஓடும், எனக்கு உட்கார முடியாது. எழுந்து வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன். "அத்தா, எதையாவது தேடறீங்களா?" என்று கேட்பாள். தேடவில்லை என்பேன்.

போன வாரம் சுவக்கீன் என்று ஒருவன் தார்ப்பாய் வாங்க வந்தான். ஒரு நாடகக் குழுவின் வண்டி ஓட்டுகிறவனாம். போகும்போது என் கையில் ஒரு பாஸ் வைத்துவிட்டுப் போனான். டவுன்ஹாலில் ஆறரைக்கு. நானும் போனேன். சாலையை அகலமாக்க வீட்டை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு தாய் மட்டும் மறுக்கிறாள். மூன்று மகன்களும் ஒவ்வொருவராக வந்து கெஞ்சுகிறார்கள். அதுதான் கதை. மலையாள நாடகம், பெயர் 'நாலாம் வளவு', ரோட்டில் நாலாவது வளைவு என்று அர்த்தம்.

அந்தக் கிழவியாக நடித்தவள் உண்மையில் சின்னப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். கை நடுங்க வேண்டும் என்பதை இரண்டு இடத்தில் மறந்துவிட்டாள். ஆனால் தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துவிட்டு எழுந்தாள் பார், அப்போது தரையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தாள். உன் மதினி சபுரா அப்படித்தான் எழுந்திருப்பாள். நீ பார்த்திருக்கிறாய். அவள் மவுத்தாகி மண்ணுக்குப் போய் இத்தனை வருஷம் கழித்து எனக்கு அது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். யாரோ பெண். நன்றாக நடித்தாள்.

பஸ் தவறிவிடும் என்று முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

மச்சானுக்கும் ஃபிரோஸுக்கும் என் சலாம் சொல்லு.

உன் அண்ணன்
அப்துல் ஷுக்கூர்


வண்டன்மேடு
2-12-2024

அன்புள்ள அண்ணனுக்கு, வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் வந்தது. இங்கே ஆண்டவன் புண்ணியத்தில் குறையில்லை. அவர் மாத்திரை போடுகிறார், நான் பக்கத்தில் நின்றால்.

ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கிறது. விடிந்ததும் கம்பம் டவுனிலிருந்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வந்துவிடுகின்றன. கடையில் வெற்றிலைக்கும் டீத்தூளுக்கும் நிற்கும் கூட்டத்தில் எனக்கு உட்கார நேரமில்லை. என் மகன் ஃபிரோஸ் ஏலக் கம்பெனிக்குக் காய் மூட்டை ஏற்றப் போய்விடுகிறான். உங்களுக்கு உட்கார முடியவில்லை, எனக்கு உட்கார நேரமில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானா நாம்?

நாடகம் பார்த்தது நல்லதுதான். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மேல். அந்தப் பெண் நன்றாக நடித்தாள் என்றால் சந்தோஷம். கிழவி வேஷம் போடுகிறவள் எங்கேயாவது யாரையாவது பார்த்துத்தான் படித்திருப்பாள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. டவுன்ஹாலிலிருந்து உங்கள் புதுப்பள்ளித் தெரு வீட்டுக்கு நடந்தே போய்விடலாமே. எந்த பஸ் தவறிவிடும் என்று அவ்வளவு அவசரமாகக் கிளம்பினீர்கள்?

போர்த்திக்கொண்டு போங்கள். பனி ஆகாது.

தங்கை
பாத்து


பாலக்காடு
21-12-2024

அன்புத் தங்கைக்கு ஸலாம். நான் நலம். நீயும் அவ்வாறே இருக்க துஆ செய்கிறேன்.

பஸ்ஸைப் பற்றி நீ கேட்டதற்கு என்ன சொல்வது? வயதாகிவிட்டது, ஏதோ எழுதிவிட்டேன், விடு.

அதே நாடகத்தை ஆலத்தூரில் ஒரு பள்ளிக்கூட விழாவில் பார்த்தேன். பிறகு ஒற்றப்பாலத்தில். பிறகு வடக்கஞ்சேரியில் சர்ச் பெருநாளுக்கு. ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்ப என்ன பார்க்கிறது என்று நீ கேட்பாய். ஒரே நாடகம் இல்லை பாத்து, அதுதான் விஷயம். டவுன்ஹாலில் சிரித்த இடத்தில் ஆலத்தூரில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒற்றப்பாலத்தில் இரண்டாவது மகனாக வருகிறவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவன் ரகசியம் போலப் பேசினான். பேசப் பேச மைதானமே வாயை மூடிக்கொண்டது. வடக்கஞ்சேரியில் காற்றில் திரை பறந்து, உள்ளே பக்கத்து வீட்டுக்காரி வேஷம் போடும் கத்தரீனாள் என்கிற அம்மாள் டீ குடித்துக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மேடையில் இருந்த கிழவி சட்டென்று அந்தப் பக்கம் பார்த்து, "எனக்கும் ஒரு கிளாஸ் வை" என்றாள். அது நாடகத்தில் இல்லாத வசனம். ஜனங்கள் கை தட்டினார்கள் பார்!

முன்னால் உட்கார்ந்தால் முகம் மட்டும்தான் தெரியும். பின்னால் உட்கார்ந்தால் நடை தெரியும். நான் பின்னால்தான்.

கடைசியில் எல்லோரும் வேஷத்தைக் கலைத்துக்கொண்டு வரிசையாக வந்து கும்பிட்டு நிற்பார்களாம். அதில் பார்க்க என்ன இருக்கிறது? கிழவி உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டதும் நான் எழுந்துவிடுவேன்.

ஜுனைதுக்கு இது பிடிக்கவில்லை. நான் வெளியே கிளம்பச் செருப்பை எடுத்துப் போட்டால் நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கிறான்.

வேறொன்றும் விசேஷமில்லை. வஸ்ஸலாம்.

அப்துல் ஷுக்கூர்


பாலக்காடு
10-1-2025

மதிப்பிற்குரிய மாமிக்கு ஜுனைத் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால் எழுதுகிறேன். அத்தாவும் உங்களுக்கு எழுதுகிறார் என்று ஃபஸீலா சொன்னாள்.

அத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் சாயந்தரம் கிளம்பிவிடுகிறார். எங்கே என்றால் நாடகம் என்கிறார். கடைக்கு வருகிறவர்கள் என்னிடம், "உங்க அத்தாவ நேத்து ஆலத்தூர்ல பார்த்தனுங்க, கூட்டத்துல தனியா உட்கார்ந்திருந்தாருங்க" என்கிறார்கள். நான் முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது?

மாமி, உங்களுக்குத் தெரியாதது இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிக்காஹுக்குத் தேதி குறித்த பிறகு என் தங்கை ஜெஸ்னா நாடகக்காரர்களோடு போனாள். கோயமுத்தூர் மாப்பிள்ளை வீட்டாரிடம் போய் நின்று பேச்சு வாங்கியவன் நான். அன்றிலிருந்து அவள் பெயரை இந்த வீட்டில் எடுப்பதில்லை. நாடகம் என்ற வார்த்தையைக்கூட எடுத்ததில்லை. இப்போது அத்தா போகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? தங்கையும் அப்படி, தகப்பனும் அப்படி என்று ஊர் சொல்லாதா?

நீங்கள் சொன்னால் கேட்பார். தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு
ஜுனைத்


வண்டன்மேடு
23-1-2025

அன்புள்ள அண்ணனுக்கு, பாத்துவின் ஸலாம். இங்கே சுகம். குளிரில் முட்டு மட்டும் மடக்கினால் நீட்ட வரமாட்டேன் என்கிறது.

ஜுனைத் எனக்கு எழுதியிருக்கிறான். அவன் மேல் கோபப்படாதீர்கள். உங்களைத் தடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறான். நான் தடுக்கப் போவதில்லை. தடுத்தால் நீங்கள் நிற்கப்போகிறவரும் இல்லை.

மூன்று கடிதமாக வெற்றிலை வாங்க வந்தவன் வாழைக்காயைத் தடவிப் பார்ப்பது போலப் பேசிக்கொண்டிருக்கிறோம். நேராகவே கேட்கிறேன். அந்த நாடக நோட்டீஸில் நடிகர்கள் பெயர் போட்டிருப்பார்கள் அல்லவா? கிழவியாக நடிக்கும் பெண்ணின் பெயர் என்ன போட்டிருக்கிறது? அதைப் படித்தீர்களா?

படித்திருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் நாடகத்தைப் பற்றி எனக்கு இனி எழுத வேண்டாம்.

தங்கை
பாத்து


பாலக்காடு
16-2-2025

பாத்து,

ஸலாம். உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன்.

நோட்டீஸில் 'ஜெஸி' என்று போட்டிருக்கிறது. அதைப் படிக்க வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை. முதல் நாள் டவுன்ஹாலில், வெள்ளை முடியும் சுருக்கமும் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தரையைத் தட்டிவிட்டு எழுந்தபோது சபுரா என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் ஜெஸ்னா என்று தெரிந்தது. அந்த வரிசையில்தான் தெரிந்தது, முதலில் பெண்டாட்டி, பிறகு மகள். மகளை இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன், அதுவும் அவள் தாயின் உருவத்தில். நான் என்ன செய்ய? கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வருவதா, ஜுனைத் இருக்கும் வீட்டுக்கு? மறுபடியும் போனேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இப்போது கொல்லங்கோட்டில் நடந்ததைக் கேள். கோயில் பறம்பு மைதானத்தில் நாடகம். நான் வழக்கம்போலக் கடைசி வரிசை. பாதி நாடகத்தில் என் தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் ஜுனைத்.

"அத்தா, எந்திரீங்க. போலாம்."

"நாடகம் நடக்குதுடா."

"நாடகந்தான் நம்ம குடும்பத்தத் தின்னுது. எந்திரீங்கன்றேன்ல?"

அவன் குரல் ஓங்கிவிட்டது. பின்னால் கயிற்றுக்கு அப்பால் நின்றிருந்த யாரோ, "இரிக்கடா மோனே" என்று உட்காரச் சொல்லி மலையாளத்தில் சத்தம் போட்டார்கள். மேடையில் அவள் ஒரு நொடி நின்றாள். வசனம் நின்றுவிட்டது. பிறகு அவள் தொடர்ந்தாள். முறத்தைத் தள்ளி வைத்தாள். தரையை இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு கையை முட்டில் ஊன்றி எழுந்தாள்.

என் தோளில் இருந்த கை மெதுவாகக் கழன்றது. நான் நிமிர்ந்து ஜுனைதின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவன் அப்படியே நின்றான். கிழவி கதவைத் தாழ்போடும்வரை நின்றுகொண்டே பார்த்தான். பிறகு நாங்கள் இருவரும் வெளியே வந்தோம்.

ஸ்கூட்டரில் பாதி வழியில், காற்றில் கேட்டும் கேட்காமலும் சொன்னான்: "அம்மா அப்படித்தான் எந்திரிப்பாங்க."

"ஆமா" என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான். ஃபஸீலா என்னைக் கேட்கிறாள், நான் என்ன சொல்ல?

ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. சபுரா போகும்போது ஜெஸ்னா ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. அவளுக்குத் தாயின் நடை எப்படி ஞாபகம் இருக்கும்?

அண்ணன்


வண்டன்மேடு
20-3-2025

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். நோன்பு உங்களுக்கு லேசாகப் போகிறதா? இங்கே முதல் கோடை மழை பெய்துவிட்டது. ஏலக்காய்க்கு நல்லது. பதில் தாமதித்ததற்கு நோன்பைச் சாக்குச் சொல்ல மாட்டேன். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு பெண்பிள்ளையின் உத்தரவுக்குக் காத்திருந்தேன். இப்போது கிடைத்தது.

அந்த நடையைக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

ஜெஸ்னா வீட்டை விட்டு நேராக நாடகக்காரர்களிடம் போகவில்லை. குமுளி பஸ்ஸில் ஏறி என்னிடம் வந்தாள். ஒரு பையும் அழுது வீங்கிய கண்ணும். ஒரு மாதம் இங்கே இருந்தாள். அவருக்கும் ஃபிரோஸுக்கும் தெரியும். நான்தான் யாரும் பாலக்காட்டுக்கு மூச்சுவிடக் கூடாது என்று சொன்னேன். உங்களிடம் சொன்னால் ஜுனைதுக்குத் தெரியும், ஜுனைதுக்குத் தெரிந்தால் அவள் இங்கிருந்தும் ஓடுவாள். போகிற இடம் தெரிந்தாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அது தப்பென்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

கிழவி வேஷம் கிடைத்த பிறகு மறுபடி வந்தாள். சமையற்கட்டில் முறத்தை என் கையில் கொடுத்து, "மாமி, அம்மா எப்படி உட்காருவாங்க? எப்படி எந்திரிப்பாங்க? எனக்கு முகம்கூட நினைப்பில்ல, நீங்க செஞ்சு காட்டுங்க" என்றாள். சபுரா மதினிக்கு முட்டில் வலி இருந்தது, அதனால்தான் தரையைத் தட்டிக் கையை ஊன்றுவார். நான் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து காட்டினேன். என் முட்டு போனதே அந்த வாரத்தில்தான்.

சுவக்கீன் உங்கள் கடைக்கு வந்ததும் சும்மா இல்லை. அவனை அனுப்பியது அவள்தான். நீங்கள் பாஸை வாங்கிக் கிழித்துப் போட்டிருந்தாலும் அவளுக்குச் சம்மதம்தான். நீங்கள் வந்தீர்கள். முதல் நாளே உங்களைப் பார்த்துவிட்டாள். மேடை வெளிச்சத்தில் கீழே ஒன்றும் தெரியாது என்று நினைத்தீர்களா? கடைசி வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் வருவதை அவள் என்னிடம் சொன்னபோது, "அத்தாகிட்ட சொல்லிராதீங்க மாமி, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா வராம இருந்துருவாங்க" என்றாள். அதனால்தான் நான் வாயை மூடிக்கொண்டு பஸ்ஸைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்குமேல் எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். போன வாரம் அவள் சொன்னாள்: "அத்தா என்னயப் பாக்க வரல மாமி. அம்மாவப் பாக்க வர்றாங்க. கடைசியில நாங்க முடியக் கழட்டிட்டு வந்து நிப்போம்ல, அப்ப அந்தச் சேர் காலியா இருக்கும். ஒவ்வொரு தடவையும்."

அண்ணே, நீங்கள் போவது யாரைப் பார்க்க?

தங்கை
பாத்து


பாலக்காடு
6-4-2025

பாத்துவுக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாகப் போயிற்று. எல்லோரும் சுகம்.

இரண்டு வருஷம். என் மகள் எங்கே படுக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று தெரியாமல் நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தது உனக்குத் தெரியாதா? போனில் ஸ்பீக்கரில் "சுகமா அண்ணே" என்று கேட்டாயே, அப்போது அவள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளா?

நீ கேட்ட கேள்வியைக் கடிதத்தோடு மடித்து வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நோன்பு முழுக்க நாடகத்துக்குப் போகவில்லை. இருபத்தேழாம் நோன்பு இரவில் தராவீஹ் தொழுகை முடிந்து வரும்போது ஜுனைத் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டு கேட்டான்: "அடுத்தது எங்க போடறாங்க?" எனக்குத் தெரியாது என்றேன். தெரியும். மே மாதம் கட்டப்பனையில் கிளப் ஆண்டு விழா. இந்த நாடகத்துக்கு அதுதான் கடைசி மேடை.

அப்துல் ஷுக்கூர்


வண்டன்மேடு
27-5-2025

அண்ணனுக்கு, பாத்து எழுதுவது. ஸலாம். சுகம் விசாரிக்க இன்று மனசு வரவில்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன். பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா?

கட்டப்பனை நாடகத்துக்கு ஃபிரோஸ் என்னை ஜீப்பில் கூட்டிப்போனான். வாழ்க்கையில் நான் பார்த்த முதல் நாடகம் அது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பாதியில் திரும்பினால் கடைசி வரிசையில் நீங்கள். பாலக்காட்டிலிருந்து இவ்வளவு தூரம் பஸ் மாறி மாறி வந்திருக்கிறீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்றைக்கு முடிந்துவிடும் எல்லாம், என் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவோம் என்று நினைத்தேன். ஆட்டுக்கறி ஆக்கி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

மேடையில் நம் மதினி நடந்தார். நான் சொல்லிக்கொடுத்ததுதான், ஆனால் நான் செய்தபோது அது மதினி இல்லை. அவள் செய்தபோது மதினி. கதவைத் தாழ்போட்டாள். விளக்கு அணைந்தது. விளக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தேன். சேர் காலி.

நான் மேடைக்குப் பின்னால் போனேன். அவள் அந்த வெள்ளை முடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பாதி முகத்தில் சுருக்கம் இருந்தது, பாதியில் துடைத்திருந்தாள். "போயிட்டாங்களா மாமி?" என்று கேட்டாள். கத்தரீனாள் அம்மாள் அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். பிறகு யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து சாமான்களை வண்டியில் ஏற்றப் போய்விட்டாள்.

என் ஊர்ப் பக்கம் வரை வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போன அண்ணனை நான் என்ன சொல்வது? கறியை மறுநாள் ஃபிரோஸ் தின்றான்.

பாத்து


வண்டன்மேடு
20-8-2025

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஜுனைதிடம் போனில் கேட்டால், "நல்லாத்தான் இருக்காங்க மாமி, மழையிலயும் குடையப் பிடிச்சிட்டு நடக்கறாங்க" என்கிறான். பக்ரீதுக்குக்கூட நீங்கள் பேசவில்லை. கோபம் தீர்ந்ததா என்று தெரியவில்லை. என் கோபம் தீர்ந்துவிட்டது. இந்த மழைக்கு மண் சரிந்து மூன்று நாள் ரோடு அடைத்துக் கிடந்தது. அப்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓணம் கழிந்ததும் குழு புது நாடகம் போடுகிறது. முதல் மேடை பாலக்காடு டவுன்ஹாலில், செப்டம்பர் இருபத்தாறு. ஜெஸ்னா அதில் ஒரு நர்ஸ். வெள்ளை முடி இல்லை, சுருக்கம் இல்லை. அவள் வயதுக்கு ஏற்ற வேஷம், அவள் முகமேதான்.

இதைச் சொல்லச் சொல்லி அவள் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன். சபுரா மதினி இந்த நாடகத்தில் வரமாட்டார். தெரிந்துகொண்டு போவதானால் போங்கள்.

தங்கை
பாத்து


பாலக்காடு
28-9-2025

என் அன்புத் தங்கை பாத்துவுக்கு, அண்ணனின் ஸலாமும் துஆவும். நாங்கள் அனைவரும் சுகம். உன் வீட்டார் எல்லோருடைய சுகத்துக்கும் எழுது.

கட்டப்பனையில் ஏன் அப்படிப் போனேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கதவு சாத்தியதும், இனி இந்தக் கதவு திறக்காது, சபுராவை இனி எங்கேயும் பார்க்க முடியாது என்று தோன்றியது. இரண்டாவது தடவையும் அவள் போனதைப் பார்த்தவனுக்கு, அதே நிமிஷத்தில் மகளை எதிர்கொள்ளத் தெம்பில்லை. கால் தானாக நடந்தது. குமுளி ஸ்டாண்டில் வந்து நின்றபோதுதான் உன் வீடு ஞாபகம் வந்தது. மழைக்காலம் முழுக்க நடந்து நடந்து ஒரு ஜோடிச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

இப்போது இருபத்தாறாம் தேதி நடந்ததைக் கேள். நான் கிளம்பும்போது ஜுனைத் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "நானும் வர்றேன்" என்றான். இரண்டு டிக்கெட் எடுத்தோம். பாஸ் இல்லை, டிக்கெட். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

நாடகம் சுமார்தான், பாத்து. ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு தவறை எல்லோரும் மறைக்கிறார்கள், ஒரு நர்ஸ் கோர்ட்டில் உண்மையைச் சொல்கிறாள். இரண்டாம் பாதி இழுக்கிறது. வக்கீலாக வருகிறவன் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறான்.

அவள் வந்தாள். எனக்கு முதலில் அது அந்நிய முகம் மாதிரி இருந்தது. கன்ன எலும்பு தெரிய மெலிந்திருக்கிறாள். சபுராவின் சாயல் எங்கே என்று தேடினேன். இல்லவே இல்லை. மூக்கு என் மூக்கு. தாடை உன் தாடை. குதிகால் சத்தம் கேட்க வேகமாக நடக்கிறாள். அந்த நடை நீ கற்றுக்கொடுத்ததும் இல்லை, நம் வீட்டில் யாருடையதும் இல்லை. இப்படி நடக்கிறவளை இருபத்துச் சொச்சம் வருஷம் வீட்டில் வைத்திருந்தும் நான் பார்த்ததில்லை. கூண்டில் ஏறி நின்று, "நான் பார்த்தேன்" என்று அவள் சொன்னபோது ஜுனைத் என் பக்கம் திரும்பாமலே என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில்கூட அவன் அப்படிப் பிடித்ததில்லை.

விளக்கு அணைந்தது. என் கால் பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எல்லோரும் வரிசையாக வந்தார்கள். இதுவரை நான் பார்க்காதது அது ஒன்றுதான். சாதாரண மனிதர்களாக, வேர்வையோடு, கொஞ்சம் வெட்கத்தோடு நிற்கிறார்கள். அவள் இடமிருந்து மூன்றாவது. கும்பிட்டபடியே அவள் கண் முதலில் கடைசி வரிசைக்குப் போனது. ஒவ்வொரு நாற்காலியாகத் தேடியது. நான் கையை உயர்த்தலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவள் இழுத்துக்கொண்டு போனாள்.

பிறகு பின்பக்கம் போனேன். ஜுனைத் வரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்று சுவக்கீனிடம் தார்ப்பாய் எப்படி இருக்கிறது, மழைக்குத் தாங்கியதா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எத்தனையோ நினைத்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இது:

"அந்தக் கோர்ட்டு சீன்ல நீ பேசறது சரியாக் கேக்கல. முன்னால ஒருத்தன் திரும்பி என்ன சொன்னாங்கன்னு கேட்டான்."

"எந்த எடத்துல அத்தா?"

"தேதி சொல்ற எடம்."

"அந்த எடம் எனக்கே பயம்" என்றாள். "முழுசாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"முடியறவரைக்கும்?"

"நீ கும்பிட்டியே, அது வரைக்கும்."

அப்போதுதான் அழுதாள். நானும். அங்கே போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் விலகிப் போனார்கள். நாடகக்காரர்களுக்கு அழுகை பழக்கம்போல. கத்தரீனாள் அம்மாள் ஒரு டீயைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

"வீட்டுக்கு வா. ஃபஸீலாகிட்ட நெய்ச்சோறு ஆக்கச் சொல்றேன்" என்றேன்.

அவள் வண்டிப் பக்கம் பார்த்தாள். ஜுனைத் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"வியாழக்கிழமை ஆலத்தூர்ல அத்தா. ஏழு மணிக்கு" என்றாள்.

வழியில் ஜுனைதிடம் அதைச் சொன்னேன். வீடு வந்ததும் சாவியை எடுத்துக்கொண்டே, "அன்னிக்கிக் கடைய நேரத்தோட அடைக்கணும்" என்றான்.

ஜெஸ்னா வீட்டுக்கு வருவாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஜுனைதும் அவளும் முகத்துக்கு முகம் நின்றால் என்ன பேசுவார்கள் என்றும் தெரியாது. வியாழக்கிழமை போகிறோம். அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை டவுன்ஹாலில் வேறொரு குழுவின் நாடகம் இருக்கிறது. திருச்சூர்க்காரர்கள், நன்றாகச் செய்வார்கள் என்கிறார்கள். அதில் அவள் இல்லை. இருந்தாலும் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

முட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள். மச்சானுக்கும் ஃபிரோஸுக்கும் ஸலாம்.

என்றும் உன்
அண்ணன் அப்துல் ஷுக்கூர்